முதலில் நீங்கள் ஆடுங்கள், ஐயா!

சுரங்க ரயில் நிலையம் திறக்கிற அன்றைக்கு இனிமேல் ரிப்பன் வெட்ட வேண்டாம், ஊஞ்சல் கட்டுங்கள். தேக்குப் பலகையும் பித்தளைச் சங்கிலியும் கும்பகோணத்திலிருந்து நாங்கள் அனுப்பிவைக்கிறோம். கொக்கி மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பயணிகள் தலைக்கு மேலே கேபிள் தட்டையும் தண்ணீர்க் குழாயையும் ராட்சத மின்விசிறியையும் எந்த போல்ட்டில் தொங்கவிட்டிருக்கிறீர்களோ, அதே போல்ட்டில், அதே துளையில், அதே பசையில் ஊஞ்சலும் தொங்கட்டும். டெண்டரில் கையெழுத்துப் போட்டவர் ஒரு பக்கம், தரச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் மறுபக்கம், நடுவில் மாண்புமிகு. பச்சைப்பிடி சுற்றிப்போட்டு லாலி பாட எங்கள் ஊர்ப் பெண்கள் வருவார்கள். பாலும் பழமும் கொடுப்பார்கள். ஆட்டிவிட ஒப்பந்ததாரர் வந்தால் போதும்.

தாராசுரத்துக்காரனுக்கு சுரங்க ரயிலைப் பற்றி என்ன வந்தது என்று கேட்கலாம். நியாயம்தான். எங்கள் மண்ணில் தோண்டினால் தண்ணீர்தான் வரும், ரயில் வராது. லெவல் கிராசிங்கை மூடிவிட்டு டெல்டா முழுக்கத் தோண்டிக் கொடுத்த சுரங்கப்பாதைகள் ஐப்பசி பிறந்தால் குளங்களாகிவிடும்; அதில் வாத்து மேய்க்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. மேலே ஓடுகிற ரயிலுக்கும் தஞ்சாவூரிலிருந்து விழுப்புரம் வரை ஒற்றைத் தடம்தான். எதிர்வண்டிக்காக நிற்கிற வண்டியில் உட்கார்ந்து நாங்கள் பொறுமை கற்றோம். ஆனால் எங்கள் பிள்ளைகள் இங்கே இல்லையே! வயல் போட்டது போட்டபடி, தறி நின்றது நின்றபடி, டிப்ளமாவைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார்கள். காலையும் மாலையும் பூமிக்கு அடியில் போய் வருகிறார்கள். சிலர் அந்தப் பூமிக்கு அடியிலேயே வேலையும் பார்க்கிறார்கள். ஆகவே தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று அண்ணாந்து பார்க்கிற உரிமை எங்களுக்கும் உண்டு.

அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அழகான பால்ஸ் சீலிங் தெரியும். அதற்கு மேலேதான் சங்கதி. சுரங்கத்துக்குள் எதையும் தரையில் வைக்க இடமில்லை. எல்லாமே சுவரிலும் கூரையிலும் தொங்கியாக வேண்டும். ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கிற மேல்நிலைக் கடத்தி, சிக்னல் கேபிள், தீயணைப்புக் குழாய், புகையை வெளியே தள்ளுகிற மின்விசிறி, ஆபத்தில் இறங்கி நடக்கிற நடைபாதை, அதன் கைப்பிடி, எல்லாவற்றையும் தாங்குவது விரல் தடிமனுள்ள ஆங்கர் போல்ட்டுகள். கான்கிரீட்டில் துளை போட்டு, அடித்து விரிய விடுவது ஒரு ரகம்; பசை ஊற்றி ஒட்டுவது இன்னொரு ரகம். சைட்டில் இந்த இரண்டாவதற்கு ‘கெமிக்கல்’ என்று பெயர். ரயில் வரும்போது முன்னால் இருக்கிற காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு வரும், போகும்போது பின்னால் உறிஞ்சிக்கொண்டு போகும். அந்தத் தள்ளலும் உறிஞ்சலும் அதிர்வும் நாள் பூராவும் இந்த போல்ட்டுகளின் மேல்தான். கசிகிற உப்புத் தண்ணீரும் அவற்றின் மேல்தான். பல்லாயிரம் கோடித் திட்டத்தின் மதிப்பீட்டில் இதற்கென்று ஒரு வரி இருக்கும். கடைசிப் பக்கங்களில், ‘இதர பொருத்துகள்’ என்பதற்குப் பக்கத்தில். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மனிதனின் கண் முதலில் போகிற இடம் அதுதான். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருக்கும். மெல்லிய துத்தநாகப் பூச்சு வந்து இறங்கும். பால்ஸ் சீலிங் மூடிவிட்டால் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

எங்கள் தெருவில் ஒருவர் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டினார். பாட்டன் காலத்து ஊஞ்சலை மாட்ட வேண்டும் என்பது கிருகப்பிரவேசம் நெருங்கியபோதுதான் ஞாபகம் வந்தது. கூரையில் கொக்கி இல்லை. கும்பகோணத்து ஹார்டுவேர் கடைக்காரர் ஆளை அனுப்பினார். அவரும் நாலு துளை போட்டு, கெமிக்கல் விட்டு, கொக்கியை இறக்கிவிட்டு, “நாளைக்கே உக்காரலாம் சார்” என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போனார். வீட்டைக் கட்டிய கொத்தனார் பெரியவர் விடவில்லை. “சென்ட்ரிங் போடறப்பவே கம்பியோட கட்டி விட்டிருக்கணும் தம்பி. இப்ப ஒட்டுனது ஒட்டுனதுதானே” என்றார். நாலு நெல் மூட்டையைக் கொக்கியில் தொங்கவிட்டார். கொக்கித் தண்டு கான்கிரீட்டைத் தொடுகிற இடத்தில் சிலேட்டுக் குச்சியால் ஒரு கோடு கிழித்தார். மாதக் கணக்கில் மூட்டைகள் தொங்கின. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏணி போட்டு ஏறி, கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவார். வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். கூடத்தில் நடமாட வழியில்லை, எலி வேறு. பெரியவர் சொன்ன பதில்: “இன்னிக்குத் தாங்குறது பெருசில்ல. தொங்கிக்கிட்டே இருக்கறப்ப தாங்கணும்.”

பள்ளிக்கூடம் தாண்டாத அந்த மனிதருக்குத் தெரிந்தது அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 1,400 கோடி டாலருக்கு மேல் செலவழித்தவர்களுக்குத் தெரியவில்லை. ‘பிக் டிக்’ என்று பேர் வைத்து நகரத்தையே குடைந்தார்கள். ஒரு சாலைச் சுரங்கத்தின் கூரையில் டன் கணக்கான கான்கிரீட் பலகைகளை எபாக்சிப் பசை ஆங்கர்களில் தொங்கவிட்டார்கள். 2006 ஜூலை 10-ஆம் தேதி இரவு, ஏறக்குறைய 26 டன் எடையுள்ள பலகைகள் கீழே போன காரின் மேல் விழுந்தன. ஒரு பெண் இறந்தார். ஓட்டிவந்த கணவர் ஊர்ந்து வெளியே வந்தார். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மறு ஆண்டு அறிக்கை கொடுத்தது. காரணம் பூகம்பமும் இல்லை, சதியும் இல்லை. சீக்கிரம் இறுகுகிற ரகப் பசையைப் போட்டிருந்தார்கள். அது சட்டென்று இழுத்துப் பார்த்தால் தாங்கும். ஓயாமல் தொங்குகிற பாரத்தில் மயிரிழை மயிரிழையாக வழுகிக்கொண்டே வரும். சோதனை எல்லாமே சில நிமிட இழுப்புச் சோதனை. எல்லாம் பாஸ்!

இதைவிட வயிறெரிகிற விஷயம் ஒன்று உண்டு. 1999-இல், கட்டிக்கொண்டிருக்கும்போதே, சில ஆங்கர்கள் துளையை விட்டு இறங்கி வருவதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு? பிடுங்கி, புதிதாக ஒட்டி, மறுபடி சில நிமிடம் இழுத்துப் பார்த்து, கோப்பை மூடினார்கள். 2001-இலும் இறங்கியது தெரிந்தது. 2003-இல் சுரங்கம் திறந்தது. விபத்து நடந்த நாள் வரை அந்தக் கூரையின் ஆங்கர்களை முறையாக ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. பெரிய நிறுவனங்கள் 2008-இல் 45 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. நம் கொத்தனாரின் சிலேட்டுக் குச்சி ஒன்றரை ரூபாய் இருக்கும்.

சில நிமிடம் தாங்கினால் பாஸ் என்பது பாஸ்டன்காரர்களின் தனிச்சொத்து இல்லை. நம் அரசாங்கங்களின் குலதெய்வமே அதுதான். திறப்பு விழா அன்று இந்த நாட்டில் எல்லாமே தாங்கும். பாலம் தாங்கும், கூரை தாங்கும், மாலைகளின் பாரத்தை மாண்புமிகுவின் கழுத்தே தாங்கும். கேமரா போன பிறகு யார் தாங்குவது என்பதில்தான் வழக்கு. மும்பையில் சுரங்க மெட்ரோவின் வொர்லிப் பகுதி நிலையங்களை 2025 மே மாதம் 9-ஆம் தேதி திறந்தார்கள். அந்த மாதம் 26-ஆம் தேதி பெய்த மழையில் ஆச்சார்ய அத்ரே சௌக் நிலையத்துக்குள் தண்ணீர் அருவியாக இறங்கியது. கட்டி முடியாத ஒரு வாசலில் தண்ணீரைத் தடுக்க எழுப்பிய சுவர் இடிந்துவிட்டது என்று விளக்கம் வந்தது. எங்கள் ஊர் சுரங்கப்பாதைக்கும் மும்பைக்கும் இனி ஏற்றத்தாழ்வு கிடையாது. சமத்துவம் பிறந்துவிட்டது.

நமக்குத் தெரிந்த பையன் ஒருவன் சுரங்க வேலையில் சூப்பர்வைசராக இருந்தவன். ஊருக்கு வந்திருந்தபோது ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் சைட் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“துளையைப் போட்டு ஊதணும் மாமா, பிரஷ் விடணும், திரும்ப ஊதணும், திரும்ப பிரஷ். தூசி இருந்தா கெமிக்கல் கான்கிரீட்டப் புடிக்காது, தூசியத்தான் புடிக்கும். பேப்பர்ல எல்லாம் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு, தலைக்கு மேல டிரில்ல தூக்கிப் புடிச்சிக்கிட்டு, கண்ணு மூக்கெல்லாம் சிமெண்ட்டுத் தூள் கொட்டுறப்ப, ஒவ்வொரு துளையையும் நாலு தடவ யாரு மாமா ஊதுவா? விடியறதுக்குள்ள இத்தனை துளைன்னு கணக்கு.”

“உள்ளே கம்பி இடித்தால்?”

“தள்ளிப் போடணும். தள்ளிப் போட்டா பிளேட்டுல ஓட்டை சேராது. புது பிளேட்டுக்கு டிராயிங் மாத்தணும், கையெழுத்து வாங்கணும், ஒரு வாரம் போயிடும். அதனால...”

டீயை உறிஞ்சினான். நான் காத்திருந்தேன்.

“போல்ட்டோட வாலை வெட்டிட்டு மாட்டிடுவாங்க மாமா. கீழேருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்.”

அவன்மேல் கோபம் வரவில்லை. துளை போடுகிற ஜார்க்கண்ட் பையன்மேலும், ஒடிசாப் பையன்மேலும் வரவில்லை. துளைக்கு இத்தனை காசு என்று அவன் வயிற்றைத் துளையோடு கட்டிவிட்டு, ஊதுவதற்குக் காசு கிடையாது என்று சொன்னவன் யாரோ, அவன்மேல்தான் வருகிறது. சென்னையில் பூமியைக் குடைகிற இயந்திரங்களுக்கெல்லாம் அழகழகாகப் பெயர் வைத்தோம்: நீலகிரி, ஆனைமலை, மயில், கழுகு, பிளமிங்கோ. அவற்றுக்குத் தேங்காய் உடைத்தோம், கொடியசைத்தோம், வெளியே எட்டிப்பார்த்தபோது கைதட்டினோம். டிரில் பிடித்த கைக்கு என்ன பெயர்? ஆதார் எண்ணின் கடைசி நாலு இலக்கம்.

விதிமுறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுவரிலும் கூரையிலும் பொருத்தும் சாதனங்களுக்கென்றே 1961-இல் ஐ.எஸ். 1946 என்ற விதித் தொகுப்பு வந்துவிட்டது. ரயில் பாதுகாப்பு ஆணையர் என்று ஒருவர் இருக்கிறார், மெட்ரோவுக்கும் அவர் வந்து பார்த்து ஒப்புதல் தந்தால்தான் ரயில் ஓடும். ரயில்வேயின் தலையீடு கூடாது என்பதற்காக அவரை விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைத்திருக்கிறோம். நல்ல ஏற்பாடு. மேலே பார்க்கிற பழக்கம் உள்ள அமைச்சகம். ஆனால் ஓரிரு நாள் ஆய்வில், பூசி மெழுகிய கூரைக்குப் பின்னால் வால் வெட்டிய போல்ட் எது என்று எந்த ஆணையர் கண்டுபிடிப்பார்?

ஜப்பான்காரனே கோட்டை விட்டான். யமனாஷி மாநிலத்தில் சசாகோ என்று 4.7 கிலோமீட்டர் நீளச் சாலைச் சுரங்கம். 1977-இல் திறந்தது. அங்கேயும் கூரைப் பலகைகள், அங்கேயும் பசை ஆங்கர்கள். 2012 டிசம்பர் 2-ஆம் தேதி காலை, 130 மீட்டருக்கும் மேல் நீளத்துக்குப் பலகைகள் வரிசையாகச் சரிந்தன. 9 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் ஆய்வு நடந்திருந்தது. எப்படி? உச்சியில் இருக்கிற போல்ட்டுகளைக் கீழே நின்று கண்ணால் பார்த்தார்கள். சுத்தியலால் தட்டி ஓசை கேட்கிற சோதனையை, உயரம் என்று சொல்லி, 2000-க்குப் பிறகு அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. தட்டியிருந்தால் சொல்லியிருக்கும். இறுகப் பிடித்த போல்ட் கணீரென்று பேசும், கழன்றது பொத்தென்று பேசும். செத்த பிறகாவது அவர்கள் திருந்தினார்கள். எல்லாச் சுரங்கத்தையும் பாலத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கிட்டத்தில் போய்ப் பார்த்தாக வேண்டும் என்று 2014-இல் கட்டாயமாக்கினார்கள்.

தட்டிப் பார்ப்பது எங்கள் ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய வித்தை இல்லை. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் வாசலில், பலிபீடத்துப் படிக்கட்டு தட்டினால் ஸ்வரம் சொல்லும். இன்றைக்கும் ஸ்தபதி கல்லைத் தட்டி ஓசை கேட்டுத்தான் உளியை எடுப்பார். ஓசை பேதமிருந்தால் அந்தக் கல்லில் சாமி கிடையாது, வாசற்படிதான். அந்தப் படிக்கட்டை இப்போது இரும்புக் கிராதி போட்டு அடைத்துவைத்திருக்கிறோம். வருகிறவன் போகிறவன் எல்லாம் தட்டித் தேய்க்கிறான் என்பது காரணம், காரணம் சரிதான். இருந்தாலும், தட்டினால் உண்மை சொல்கிற ஒன்றை இந்த நாடு வேறு எப்படி நடத்தும்? உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2004-இல் யுனெஸ்கோ பட்டயம் கொடுத்த கோயில், கொஞ்சம் பலமாக மழை பெய்தால் வாசலில் குளம் கட்டிக்கொள்கிறது. கல்லை நட்டவன் எண்ணூறு ஆண்டுக்கு மேல் தாங்குகிற மாதிரி நட்டுவிட்டுப் போனான். தண்ணீரை வடிக்க நமக்குத் துப்பில்லை.

சரி, விழுந்தால் யாருக்குத் தண்டனை? வரிசையைப் பாருங்கள். டெல்லி கோகுல்புரி மெட்ரோ நிலையத்தின் பக்கச் சுவர் 2024 பிப்ரவரி 8-ஆம் தேதி சாலையில் விழுந்து ஒருவர் இறந்தார். ஒரு மேலாளரும் ஒரு இளநிலைப் பொறியாளரும் சஸ்பெண்ட். சென்னை மணப்பாக்கத்தில் 2025 ஜூன் 12-ஆம் தேதி இரவு, மெட்ரோ பாலத்துக்கு ஏற்றி வைத்த இரண்டு கர்டர்கள் சரிந்து, பைக்கில் போனவர் இறந்தார்; ஒப்பந்த நிறுவனத்துக்கு 1 கோடி ரூபாய் அபராதம். அந்த இரண்டாம் கட்டத் திட்டத்தின் மதிப்பு 63,246 கோடி. கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி இலையை எண்ணுகிறவர்கள்கூட இந்தக் கணக்கைக் கேட்டால் சிரிப்பார்கள். தீபாவளியன்று, 2023 நவம்பர் 12, உத்தராகண்ட் சில்க்யாராவில் சாலைச் சுரங்கம் சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். இயந்திரங்கள் உடைந்து நின்றபோது, எலிவளைச் சுரங்கக்காரர்கள் என்று நாம் இளக்காரமாகச் சொல்கிறவர்கள் கையால் தோண்டி 17-ஆம் நாள் அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்தார்கள். தேசமே அழுதது, மாலை போட்டது. அந்தச் சுரங்கக்காரர்களில் ஒருவரின் வீட்டை மறு பிப்ரவரியில் டெல்லி வளர்ச்சி ஆணையம் ஆக்கிரமிப்பு என்று புல்டோசர் வைத்து இடித்தது. சுரங்கத்துக்குள் போனவனுக்கு மேலே ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது என்பதில் மட்டும் நம் நிர்வாகம் எவ்வளவு கண்டிப்பு!

இந்த நாட்டில் கழலாத பொருத்து என்று ஒன்று இருக்கிறது. அது திறப்பு விழாக் கல்வெட்டு. பக்கத்தில் போய்ப் பாருங்கள். கறுப்புக் கிரானைட், தங்க எழுத்து, நாலு மூலையிலும் நாலு திருகு, திருகுக்கு மேலே மஞ்சளாக மின்னுகிற மூடி. சுவர் வெடித்திருக்கும், டைல்ஸ் பெயர்ந்திருக்கும், லிப்ட் வேலை செய்யாது; அந்த நாலு திருகு அசையாது. அதற்குத் துளை போட்டவன் நிச்சயமாக நாலு தடவையும் ஊதியிருக்கிறான். கல்வெட்டில் இருக்கிற பெயர்களின் வரிசையை ஒரு முறை வாசியுங்கள். முன்னிலை, தலைமை, வாழ்த்துரை எல்லாம் இருக்கும். விபத்தன்று அவர்களில் ஒருவர்கூட எப்.ஐ.ஆரில் இருக்க மாட்டார்.

அதனால்தான் ஊஞ்சல். அரசாணை எழுதுகிறவர்களுக்கு வேலை வைக்காமல் விதிகளையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். எந்த போல்ட் என்பதை ஒப்பந்ததாரர் காட்டக் கூடாது. சோதனைக்கென்று பொறுக்கிவைத்த நல்ல பிள்ளைகளை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். நடைமேடையில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுகிற இடத்தில் ஊஞ்சல் தொங்கும். ஆடுகிறவர்களுக்கு ஹெல்மெட் கிடையாது, பயணிகளுக்குக் கிடையாது என்பதால். கீழே மெத்தை போடக் கூடாது. ஐந்து நிமிடம் ஆடிப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது, முழு நாள். ஒவ்வொரு ஆண்டும் அதே தேதியில் வந்து ஆட வேண்டும். மாறுதலாகிப் போனவர், ஓய்வு பெற்றவர், ஏதோ ஒரு வாரியத்துக்குத் தலைவரானவர், கட்சி மாறி அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், எல்லாரும் வர வேண்டும். பசை வழுகுவதற்கு ஆண்டுகள் ஆகும் என்றால் கையெழுத்தும் அத்தனை ஆண்டு தொங்கட்டும்.

மூன்று பேரும் சேர்ந்தால் கால் டன் எடைகூடத் தேறாது. சுரங்கத்து மின்விசிறி அதைவிடக் கனம். சான்றிதழில் எழுதியது நிஜமென்றால் பயப்பட என்ன இருக்கிறது? உட்காருங்களேன்!

உட்கார மாட்டார்கள். அதனால் வாசகர்களே, நீங்கள் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. தினமும் நீங்கள் நிற்கிற நிலையத்தின் பெயரைப் போட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாலு கேள்வி எழுதுங்கள். கூரையில் எந்த வகை ஆங்கர் போட்டிருக்கிறார்கள்? இழுப்புச் சோதனைக்கு எந்த ஆங்கர்களை எடுத்தார்கள், யார் பொறுக்கி எடுத்தது? கடைசியாக ஏணி வைத்து ஏறி, கையால் தொட்டு, சுத்தியலால் தட்டிப் பார்த்த தேதி எது? அன்று கையெழுத்திட்டவர் என்ன பதவி? கட்டணம் 10 ரூபாய். சாதாரணக் கேள்விக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியென்றால் 48 மணி நேரத்தில். இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.